காணாமல் போன 32 அடி

திருவண்ணாமலையில் எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையை நிறுத்திக் கேட்டாலும் ராஜகோபுரம் 217 அடி என்று சொல்லிவிடும். பதினொரு நிலை, மலை 2668 அடி, கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் எல்லாமே மனப்பாடம். வெளியூரிலிருந்து வரும் மாமா கேட்டாலும், ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்டாலும் பதில் கணீரென்று வரும். “உனக்கு எப்படித் தெரியும்?” என்று அடுத்த கேள்வியைப் போட்டுப் பாருங்கள். பிள்ளை உங்களை ஒரு மாதிரியாகப் பார்க்கும். ஊருக்கே தெரிந்ததைப் போய் எப்படித் தெரியும் என்று கேட்டால்?

நம் வகுப்பறைகளில் இந்த அடுத்த கேள்விக்கு இடம் கிடைப்பதில்லை. விடை சொன்ன பிள்ளைக்குக் கைதட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சொல்லாத பிள்ளையை நிற்கவைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இரண்டு பிள்ளைகளும் என்ன யோசித்தார்கள் என்பது தெரியாமலே மணி அடித்துவிடுகிறது. விடைக்குப் போகும் வழியைப் பாடத்தின் நடுவே கொண்டுவந்து வைப்பது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம். அதற்கு, விடை தெரிந்த கேள்வி ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். விடை முன்கூட்டியே தெரியும் என்றால் அதைச் சொன்னதற்காக யாரையும் பாராட்ட முடியாது. வழியைப் பார்த்தே ஆக வேண்டும்.

கோபுரத்தை அளப்பது

ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் முக்கோணவியல் நடத்துகிறவர்கள் இந்தப் பாடத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கணக்குப் பெட்டியில் இருக்கும் கோணமானி, மை தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவின் குழாய், ஒரு சாண் நூல், நூல் நுனியில் கட்ட ஒரு இரும்பு நட்டு. கோணமானியின் நேர்விளிம்பில் குழாயை ஒட்டி, மையப் புள்ளியிலிருந்து நூலைத் தொங்கவிட்டால் சாய்வுமானி தயார். குழாய் வழியாகக் கலசத்தைப் பார்க்கும்போது நூல் 90 பாகைக் கோட்டை விட்டு எவ்வளவு விலகி நிற்கிறதோ அதுவே ஏற்றக்கோணம். ஐந்து பேருக்கு ஒரு கருவி போதும். ஒருவர் குழாய் வழியாகப் பார்க்க, இன்னொருவர் நூலைப் படிக்க, மூன்றாமவர் எழுத, மற்ற இருவர் டேப் பிடிக்க என்று வேலை சரியாகப் பிரிந்துவிடும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் எட்டுக் குழுக்கள்.

வார நாளில், காலையில் போங்கள். கிழக்கு வாசலுக்கு எதிரே நின்று மேற்கே பார்க்கும்போது வெயில் முதுகில் விழும். மாலையில் போனால் குழாய் வழியாகப் பிள்ளைகள் சூரியனைப் பார்க்கும் ஆபத்து இருக்கிறது. பௌர்ணமியும் அதன் முன்பின் நாட்களும் விடுமுறை நாட்களும் கார்த்திகை தீபத்தை ஒட்டிய வாரங்களும் வேண்டவே வேண்டாம். அந்தக் கூட்டத்தில் டேப்பைப் பிடிப்பது இருக்கட்டும், பிள்ளைகளை எண்ணிக் கூட்டிவருவதே பெரும்பாடு. தலைமையாசிரியர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும். கோயில் முன்னால் டேப்பும் நோட்டுமாக ஒரு கூட்டம் நின்றால், தெருவை அகலப்படுத்த அளக்கிறார்கள் என்று கடைக்காரர்கள் பதறிப்போவார்கள். அவர்களுக்குப் பிள்ளைகளே விளக்கம் சொல்லட்டும். அதுவும் பாடத்தில் சேர்த்திதான்.

ஒரு குழு கோபுரத்தின் வெளிச்சுவரிலிருந்து 300 அடி தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவே மண்டபமும் கடைகளும் இருக்கும். அவற்றைத் தாண்டி நேர்கோடு பிடிப்பதே முதல் சிக்கல். அதை நீங்கள் தீர்த்துவைக்காதீர்கள். கலசத்தைப் பார்த்தால் ஏற்றக்கோணம் சுமார் 31 பாகை வரும். tan 31°-ன் மதிப்பு, அட்டவணையைப் பார்த்தால் 0.6009. அதை 300-ஆல் பெருக்கினால் 180 அடி. பார்க்கிறவரின் கண்மட்டம் நாலரை அடி. மொத்தம் 185 அடி.

கோபுரமோ 217 அடி. 32 அடியைக் காணோம்.

இந்த இடத்தில்தான் நீங்கள் இதுவரை எப்படி மதிப்பெண் போட்டு வந்திருக்கிறீர்கள் என்பது வெளியே வரும். விடைக்கு மட்டும் மதிப்பெண் வாங்கிப் பழகிய பிள்ளைகள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒரு வேலை செய்வார்கள். 31 பாகை, நோட்டில் 35 பாகை ஆகிவிடும். அப்படியும் இரண்டரை அடி உதைத்தால் நாலரை அடி கண்மட்டம் ஏழு அடி ஆகிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், அச்சாக 217 வரும். ஏழடி உயரத்தில் கண் உள்ள மாணவர் யார் என்று யாரும் கேட்கப்போவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும். இதை ஏமாற்று என்று திட்டுவது எளிது. நாம் எதற்குக் காசு கொடுத்தோமோ அந்தச் சரக்கைத்தான் அவர்கள் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அதனால் அளக்கப் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள்: 217 என்ற எண்ணுக்கு மதிப்பெண் கிடையாது, அது ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. உங்களுக்கு வந்த எண்ணும் 217-ம் ஏன் ஒத்துப்போகவில்லை என்பதை எழுதினால்தான் மதிப்பெண். இப்படிச் சொன்ன பிறகு நடக்கும் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

“டீச்சர், 185தான் வருது. தப்பாயிடுச்சு.”

“எந்த வரியில தப்பு?”

“எல்லா வரியும் சரிதான் டீச்சர். ஆனா 217 வரணும்ல?”

“அப்போ மீதி 32 அடி எங்க போச்சு?”

இதற்கு மேல் டீச்சர் வாயைத் திறக்கக் கூடாது. எவ்வளவு நேரம் என்று கேட்டால், உங்களால் தாங்க முடிகிற நேரத்தைவிட இன்னும் கொஞ்சம் அதிகம். கோணத்தைத் திரும்பப் பார்ப்பார்கள். டேப்பைத் திரும்பப் பிடிப்பார்கள். “217-ங்கிறதே பொய்” என்று ஒருவர் கிளம்புவார். அவரையும் அடக்க வேண்டாம், எப்படி நிரூபிப்பாய் என்று கேளுங்கள். உண்மையிலேயே முட்டுச்சந்து என்று தெரிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி: “அந்தக் கலசத்துலேர்ந்து ஒரு கல்ல நேரா கீழ விட்டா எங்க விழும்?”

வெளிச்சுவர் ஓரத்தில் விழாது. கோபுரம் மேலே போகப்போகக் குறுகிக்கொண்டே போகிறது. கல் விழும் இடம், நாம் நுழையும் வாசலின் உள்ளே, நடுவில் இருக்கிறது. முக்கோணத்தின் அடிப்பக்கம் சுவரோடு முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டதுதான் பிசகு. வாசல் வழியே உள்ளே நடந்தபடி அளந்தால் அடித்தளத்தின் கனம் கிடைத்துவிடும். கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கி சேவப்ப நாயக்கர் காலத்தில் முடிந்த இந்தக் கோபுரத்தின் கருங்கல் அடித்தளம் 135 அடிக்கு 98 அடி. கிழமேற்காக 98. அதில் பாதி 49. ஆக, தூரம் 300 அல்ல, 349. மறுபடி பெருக்கினால் 210 அடி, கண்மட்டத்தைச் சேர்த்தால் 214.

காணாமல் போன 32-ல் 29 அகப்பட்டுவிட்டது. மிச்சம் மூன்றடி? கோணத்தில் ஒரு பாகை கூடினால் விடை எவ்வளவு மாறுகிறது என்று போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எட்டடி மாறும். காற்றில் ஆடும் நூலை வைத்துக்கொண்டு அரைப் பாகைக்குள் படித்திருக்கிறார்கள் என்றால் தலை நிமிர்ந்து நடக்கலாம். அளவீட்டுப் பிழை என்ற தலைப்பை எந்தப் பாடநூலில் படித்தாலும் இந்த அளவுக்கு உறைக்காது.

கெட்டிக்காரக் குழு ஒன்று இன்னொரு வழியைப் பிடிக்கலாம். ஒரே கோட்டில் இரண்டு இடங்களில் நின்று இரண்டு கோணம் எடுத்தால் அடித்தளத்தைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். அது பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கும் கணக்கு வகை. புத்தகத்தில் கலங்கரை விளக்கமும் கப்பலுமாக வருவதால் இந்த ஊருக்கு அது எட்டாத சமாச்சாரமாகத் தெரிகிறது. ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு tan வேண்டாம். 20 அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அளவுப்படம் போடச் சொல்லுங்கள். 15 சென்டிமீட்டர் கோட்டின் நுனியில் 31 பாகை வரைந்தால் செங்குத்துக்கோடு 9 சென்டிமீட்டர் வரும். ஸ்கேலும் பென்சிலும் போதும்.

இதே போல மலையின் 2668 அடியையும் ஒரு நாள் எடுத்துக்கொள்ளலாம். அது கடல்மட்டத்திலிருந்து எண்ணிய உயரம். ஊரே கடல்மட்டத்துக்கு 500 அடிக்கு மேல் இருக்கிறது. அப்படியென்றால் நம் தெருவிலிருந்து மலை எவ்வளவு உயரம்? பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த எண்ணுக்கு அர்த்தம் இப்போதுதான் தெரிகிறது என்று பிள்ளைகளின் முகம் சொல்லும்.

மதிப்பெண்ணை எங்கே போடுவது

“வழியைப் பாராட்டுங்கள்” என்று பயிற்சிக் கூட்டங்களில் சொல்லிவிட்டு டீ கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வாய்ப் பாராட்டு ஒரு பக்கம், மதிப்பெண் இன்னொரு பக்கம் என்றிருந்தால் பிள்ளைகள் மதிப்பெண் பக்கம்தான் போவார்கள். ஆகவே மேலே சொன்ன பாடத்துக்குப் பத்து மதிப்பெண் என்றால் நான் பிரிப்பது இப்படி: ஒரே கோணத்தை மூன்று பேர் தனித்தனியாக எடுத்து மூன்றையும் குறித்திருந்தால் 3, படத்துக்கும் அதிலிருந்து எழுதிய சமன்பாட்டுக்கும் 3, விடை ஒத்துவராததற்கான காரணத்தைத் தேடி எழுதியதற்கு 3, விடைக்கு 1. மூன்று பேர் எடுத்த கோணமும் புள்ளி பிசகாமல் ஒன்றாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். உங்களுக்கும் வர வேண்டும்.

ரஃப் நோட்டைக் கட்டாயம் வாங்கிப் பாருங்கள். ஃபேர் நோட்டு அழகாகத்தான் இருக்கும், அதில் நமக்கு வேலையில்லை. ரஃப் நோட்டில் ஒரே ஒரு சட்டம்: அடிக்கலாம், அழிக்கக் கூடாது. தப்பான வரியின் மேல் ஒற்றைக் கோடு போட்டுவிட்டுக் கீழே எழுத வேண்டும். ரப்பரும் ஒயிட்னரும் பைக்குள் இருக்கட்டும். அழித்துவிட்டால் பிள்ளை எங்கே திரும்பியது என்று உங்களுக்கும் தெரியாது, அதற்கும் நினைவிருக்காது.

இதற்காக, தப்பான விடையைச் சரி என்று சொல்ல வேண்டும் என்று யாராவது எடுத்துக்கொண்டால் நான் பொறுப்பல்ல. 185 தப்பான விடைதான். தப்பு என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, அந்தத் தப்பை வைத்தே பாடத்தை நடத்துகிறோம். “முயற்சி செஞ்சியே, அதுவே போதும்” என்று முதுகில் தட்டிவிட்டுப் போகிற ஆசிரியரைப் பிள்ளைகள் சீக்கிரம் கண்டுகொள்வார்கள். நம்மால் முடியாது என்று டீச்சரே முடிவு கட்டிவிட்டார் என்றுதான் அதற்குப் பொருள் கொள்வார்கள்.

பாராட்டு விஷயத்தில் அமெரிக்க உளவியலாளர்கள் கிளாடியா ம்யூலரும் கரோல் டுவெக்கும் 1998-ல் வெளியிட்ட ஆய்வு தெரிந்துகொள்ளத் தக்கது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்க் கணக்குகள் கொடுத்து, சிலரிடம் “நீ புத்திசாலி” என்றும் சிலரிடம் “நன்றாக உழைத்தாய்” என்றும் சொன்னார்கள். அடுத்துக் கடினமான கணக்குகளைக் கொடுத்தபோது முதல் வகைப் பிள்ளைகள் சீக்கிரம் சோர்ந்தார்கள். பிறகு, வேறு பள்ளிப் பிள்ளைகளுக்குத் தங்கள் மதிப்பெண்ணை எழுதித் தெரிவிக்கச் சொன்னபோது, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்களில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் வாங்கியதைவிடக் கூட்டி எழுதினார்கள். 31 பாகை 35 ஆன கதைதான் அது. புத்திசாலிப் பட்டம் கையில் வந்த பிறகு அதைக் காப்பாற்றுவது வேலையாகிவிடுகிறது.

இன்னொன்று, இஸ்ரேலில் ரூத் பட்லர் நடத்தி 1988-ல் வெளியிட்டது. ஒரு கூட்டத்துக்கு மதிப்பெண் மட்டும், ஒரு கூட்டத்துக்குக் குறிப்பு மட்டும், மூன்றாவது கூட்டத்துக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்களுக்கே ஆர்வமும் திறனும் கூடின. இரண்டும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். மதிப்பெண்ணைப் பார்த்த கண் குறிப்பைப் பார்ப்பதில்லை. நம் ஊரில் இதை நிரூபிக்க ஆய்வே வேண்டாம். டெஸ்ட் நோட்டைக் கொடுத்த மறுநொடி, “உனக்கு எவ்ளோ?” என்ற சத்தம் கிளம்பும். சிவப்பு மையில் நீங்கள் எழுதிய மூன்று வரியை யார் படித்தார்கள்? இதற்குச் செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. நோட்டில் குறிப்பு மட்டும் எழுதிக் கொடுங்கள். மதிப்பெண் உங்கள் பதிவேட்டில் இருக்கட்டும். குறிப்பைப் படித்துத் திருத்தி எழுதிக் கொண்டுவந்தவருக்கு மறுநாள் மதிப்பெண்ணைச் சொல்லுங்கள்.

குறிப்பு என்றால் ‘நன்று’, ‘முயல்க’ அல்ல. “மூன்றாவது தடவை ஏன் வேறு இடத்தில் போய் நின்றாய்?” என்று எழுதுங்கள். பிள்ளை செய்த ஒரு காரியத்தை நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள் என்பது அதில் இருக்க வேண்டும்.

தமிழ் வகுப்பில்

கட்டுரையை எடுத்துக்கொள்வோம். தீபத் திருவிழா என்று தலைப்புக் கொடுத்தால் நாற்பது நோட்டிலும் ஒரே கட்டுரை வரும். முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவில் உட்தலைப்புகள். மதுரையிலிருந்துகொண்டு எழுதியிருந்தாலும் இதே கட்டுரைதான். தீபம் எரியும் மலையின் அடியில் குடியிருக்கும் பிள்ளை எதற்கு நோட்ஸைப் பார்த்து எழுத வேண்டும்?

“தீபத்தன்று மட்டும் உன் தெருவில் என்ன மாறும்?” என்று கேளுங்கள். பத்து வரி, உட்தலைப்பு வேண்டாம். “எங்க தெருவுக்குள்ள வண்டி எதுவும் வராது” என்று ஒரு பிள்ளை எழுதும். ஓரத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதிக் கொடுங்கள்: வண்டி வராவிட்டால் அன்றைக்கு உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் கேன் எப்படி வந்தது? அடுத்த நாள் வரும் கட்டுரையில் முதல் நாள் ராத்திரியே கேன் வாங்கி அடுக்கிய அப்பா வருவார். மாடியில் இடம் பிடிக்க வரும் வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வருவார்கள். மாலை ஆறு மணிக்கு மலைமேல் கொப்பரையில் தீபம் தெரிந்ததும் தெருவில் எழும் அரோகரா வரும். அதுவரை விளக்கைப் போடாமல் இருட்டில் காத்திருக்கும் வீடு வரும். எழுத்துப்பிழையை இரண்டாவது பிரதியில் திருத்துங்கள். முதல் பிரதியிலேயே சிவப்பு மையைக் கொட்டினால், அடுத்த தடவை பிள்ளை தனக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்த சொற்களை மட்டும் வைத்து ஐந்து வரியில் முடித்துவிடும். இரண்டு பிரதிகளையும் சேர்த்துப் பின் அடித்து வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் கூட்டத்தில் காட்ட இதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

பக்கத்தில் யார் செய்கிறார்கள்

திருவண்ணாமலையை ஒட்டியுள்ள கணந்தம்பூண்டியில் 2009-ல் தொடங்கிய மருதம் பண்ணைப் பள்ளி, இந்த வழியில் நடக்கும் பள்ளி. அருணாசல மலையில் மரம் வளர்க்கும் ‘தி ஃபாரஸ்ட் வே’ அறக்கட்டளையோடு சேர்ந்தது. கிராமத்துப் பிள்ளைகளும் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிறார்கள். தோட்ட வேலை, கைத்தொழில், மலைநடை எல்லாம் பாடத்தோடு சேர்ந்தவை. செங்கம் தாண்டிப் போனால் ஜவ்வாதுமலை அடிவாரத்தில், சிங்காரப்பேட்டை அருகே புளியானூரில் குக்கூ காட்டுப்பள்ளி இருக்கிறது. இரண்டையும் ஒரு முறை போய்ப் பாருங்கள். அங்கே இருப்பதை அப்படியே அரசுப் பள்ளிக்குத் தூக்கிவர முடியாது. நாற்பது பேர் உட்காரும் அறையும் நாற்பது நிமிடப் பாடவேளையும் நம்முடையவை. அங்கேயிருந்து எடுத்துவர வேண்டியது ஒன்றுதான்: பிள்ளை ஒரு வேலையைப் பாதியில் வைத்துக்கொண்டு விழிக்கும்போது பெரியவர் அவசரப்பட்டு அதை வாங்கி முடித்துக் கொடுக்காத பொறுமை.

அரசும் இந்தப் பக்கம் வராமல் இல்லை. ரிஷிவேலிப் பள்ளியின் அட்டைவழிக் கற்பித்தல் முறையைப் பின்பற்றி 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதற்கும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. 2012-13-ல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, இருக்கும் இடத்திலிருந்து நடத்தச் சொன்னார்கள். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் வளரறி மதிப்பீட்டின் அந்த 40 மதிப்பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்பது நம் எல்லாருக்கும் தெரியும். பிரவுசிங் சென்டரில் படம் எடுத்து, அப்பாவோ அக்காவோ சார்ட்டில் ஒட்டி, பளபளவென்று கொண்டுவந்து சுவரில் மாட்டினோம். பிள்ளை அதில் தொட்டது கோந்து பாட்டிலை மட்டும். பருவக் கடைசியில் ஒரே உட்காரலில் பதிவேட்டை நிரப்பினோம். வழிக்காக ஒதுக்கிய மதிப்பெண்ணும் கடைசியில் பொருளுக்குப் போய்விட்டது. சார்ட்டை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். வகுப்பில், உங்கள் கண்ணெதிரில், பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் செய்யட்டும். கோணலாக இருக்கும், இருக்கட்டும்.

பெற்றோரும் தலைமையாசிரியரும்

“படிக்க வேண்டிய நேரத்துல தெருவ அளக்குறாங்களாமே சார்” என்று ஒரு அப்பா கட்டாயம் வருவார். அவரிடம் கல்விக் கொள்கை பேசாதீர்கள். பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளை எடுத்து மேசைமேல் வையுங்கள். 100-ல் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. மீதி 86-ம் இரண்டு, ஐந்து, எட்டு மதிப்பெண் வினாக்கள். அவற்றுக்கு வரி வரியாக, படி படியாகத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். கடைசி வரியில் கூட்டல் பிசகினாலும் முன்வரிகளுக்கு மதிப்பெண் உண்டு. வெறும் விடையை எழுதிவைத்தால் கிடைப்பது சொற்பம். பொதுத்தேர்வே வழிக்குத்தான் மதிப்பெண் தருகிறது என்று பார்த்ததும் அவர் குரல் இறங்கும்.

தலைமையாசிரியரின் கவலை வேறு. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் மேலே பதில் சொல்ல வேண்டியவர் அவர். பொதுத்தேர்வில் மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. ஆனாலும் மே மாதத்தில் பஸ் ஸ்டாண்டு முதல் பைபாஸ் வரை ஃபிளெக்ஸில் சிரிக்கும் பிள்ளைகளை யாரும் இறக்கவில்லை. தலைமையாசிரியரோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. வாரத்தில் ஒரு பாடவேளை மட்டும் கேளுங்கள். அரையாண்டில், மெல்லக் கற்போர் என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளின் விடைத்தாளில் காலியாக விடப்பட்ட பக்கங்கள் குறைந்திருக்கின்றனவா என்று நீங்களே எடுத்துக்காட்டுங்கள். ஏதாவது எழுதிப் பார்க்கலாம் என்ற துணிச்சல்தான் முதலில் வரும். மதிப்பெண் அதற்குப் பின்னால்தான் வரும்.

அந்தப் பிள்ளைகளைப் பற்றி இந்த ஊருக்கே உரிய ஒரு சேதி. பௌர்ணமிக்கு மறுநாள் வகுப்பில் தூங்கி விழுகிறவர்களில் பலர், ராத்திரி முழுக்கக் கிரிவலப் பாதையில் அம்மாவோடு கடை போட்டவர்கள். கற்பூரமும் சுண்டலும் விற்று, சில்லறை கொடுத்து, விடியும்போது லாபத்தை மனக்கணக்காகச் சொல்லிவிடுவார்கள். அதே பிள்ளை லாப நட்டக் கணக்கைக் கரும்பலகையில் போடச் சொன்னால் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும். அதற்கு விடை தெரியும், வழியும் தெரியும். வழியை எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை. “நேத்து ராத்திரி எப்படிக் கணக்குப் பாத்த, அப்படியே சொல்லு” என்று கேட்டு, அது சொல்லச்சொல்ல நீங்கள் கரும்பலகையில் எழுதுங்கள். சூத்திரம் தானாக வரும். தூங்கியதற்காக வெளியே நிற்கவைத்திருந்தால் அந்த வகுப்பில் இருந்த நல்ல கணக்காளரை இழந்திருப்பீர்கள்.

எப்போது தொடங்குவது என்று கேட்கிறவர்களுக்கு: பத்தாம் வகுப்பில் திருப்புதல் தேர்வு நடக்கும் மாதங்களில் தொடங்காதீர்கள். அப்போது பிள்ளைகளும் கேட்க மாட்டார்கள், உங்களுக்கும் பொறுமை இருக்காது. ஜூனில், பள்ளி திறந்த சூட்டோடு, எட்டு அல்லது ஒன்பதாம் வகுப்பில் தொடங்குங்கள். கோபுரம்வரை போக முடியாத ஊர்க்காரர்கள் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியை அளக்கலாம். முதலில் நீங்கள் தனியாக ஒரு நாள் போய் அளந்து, உங்கள் கணக்கில் எத்தனை அடி காணாமல் போகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். அதன் பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.